அரை விரற்கடை இடம்

.458 வின்செஸ்டர் மாக்னம் என்றும் .458 லாட் என்றும் பெயர் பெற்ற இரண்டு ரைபிள் தோட்டாக்களை அருகருகே மேசைமேல் நிறுத்திப் பார்ப்பவர், துப்பாக்கி விஷயத்தில் பழக்கமில்லாதவராயிருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை என்றே எண்ணிவிடுவார். ஏனெனில் அடிப்பாகத்தின் பருமன் இரண்டுக்கும் ஒன்று, அடியைச் சுற்றி ஒட்டியாணம்போல் ஓடும் பித்தளைப் பட்டையும் ஒன்று, முனையில் செருகியிருக்கும் குண்டும் ஒன்று. பித்தளைக் கூட்டின் நீளம் மட்டுமே வேறு: முன்னதற்கு 2.5 அங்குலம், பின்னதற்கு 2.8 அங்குலம். இடையிலுள்ள 0.3 அங்குலம் நம்முடைய விரற்கடையில் பாதிகூட இராது. அந்த அற்ப இடத்தைப் பெறுவதற்காகத்தான் ஆப்பிரிக்கக் காடுகளில் எருமையையும் யானையையும் எதிர்நோக்கி நின்ற மனிதர்கள், தாங்கள் விலை கொடுத்து வாங்கிய நல்ல ரைபிள்களைத் துப்பாக்கிக் கொல்லரிடம் ஒப்படைத்து, எஃகுக் குழலின் உட்புறத்தை மீண்டும் ஒருமுறை கடையச் செய்தார்கள். அது ஏன் அவசியமாயிற்று என்பதை விளக்க வேண்டுமானால், குண்டின் எடைக்கும் குழலின் அறைக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

ரைபிளின் குழல் வெளிப்பார்வைக்கு ஒரே சீரான இரும்புக் குழாய். உள்ளேயோ மூன்று பிரதேசங்கள் உண்டு. சுடுபவரின் முகத்துக்கு அருகே, தோட்டா முழுவதும் தங்குவதற்கான அறை. அதற்கு முன்னே, குண்டு மட்டும் நுழையத்தக்க மழுமழுப்பான குறுவழி. அதற்கும் அப்பால், சுருள்படிபோலத் திரும்பிக்கொண்டே வாய்வரை ஓடும் பள்ளமும் மேடும் கொண்ட நெடுவழி. நடுவிலுள்ள குறுவழியைத் தொழில் தெரிந்தவர்கள் தொண்டை என்று சொல்வதுண்டு. விசையை இழுத்ததும் மருந்து பற்றி, வாயு விரிந்து, குண்டு கூட்டை விட்டுக் கிளம்பித் தொண்டையைக் கடந்து, மேடுகளில் தன் உடலைக் கீறிக்கொண்டு சுழன்றவாறே வெளியேறுகிற இத்தனை காரியமும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் நடந்தேறிவிடுகிறது. அந்த நேரத்தில் அறையின் சுவர் தாங்குகிற அழுத்தம் சாமானியமானதன்று. பித்தளைக் கூடு உப்பிச் சுவரோடு சுவராக ஒட்டி வாயுவைப் பின்னுக்கு விடாமல் அடைத்துக்கொள்வதனாலேயே சுடுபவரின் கண்ணும் கன்னமும் பிழைக்கின்றன. ஆகவே அறையின் அளவு தோட்டாவின் அளவோடு மயிரிழையளவுக்குப் பொருந்தியிருப்பது உயிர் காக்கும் நிபந்தனை.

குண்டின் எடையை ஆங்கிலேயர் கிரெயின் என்னும் சிறு எடையால் கணக்கிட்டார்கள். நம் தட்டார்கள் குன்றிமணியால் பொன்னை நிறுத்ததுபோல, அதுவும் தானிய மணியிலிருந்து பிறந்த எடைதான். 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பெரிய மிருகங்களுக்கு வழக்கமாயிருந்த 500 கிரெயின் குண்டு ஏறக்குறைய 32 கிராம், அதாவது நான்கு சவரன் எடை. இனி ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி யாவும் தாமே விளங்கிவிடும்: குழலின் துவாரம் மாறாதிருக்கையில் குண்டின் பருமனைக் கூட்ட முடியாது, ஆதலால் எடையைக் கூட்ட விரும்புகிறவர் அதன் நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட குண்டு ஒன்று கூட்டினுள் ஆழமாக இறங்கி மருந்துக்குரிய இடத்தைத் தின்றுவிடும். அல்லது வெளியே நீட்டிக்கொண்டு நின்று தொண்டையில் முட்டும். முதல் சங்கடத்துக்குப் பரிகாரம் அறையை நீட்டுவது. இரண்டாவதற்குப் பரிகாரம் தொண்டையை நீட்டுவது. கனமான குண்டுக்காக அறையைத் திருத்துவது என்ற கலை முழுவதும் இவ்விரண்டு பரிகாரங்களுக்குள் அடங்கியது.

கனமான குண்டின்மேல் இத்தனை மோகம் எதற்கு என்று கேட்பது நியாயமே. இலங்கையில் 1848ஆம் ஆண்டு முதல் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், கரிமருந்துக் காலத்து மனிதர்; பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் அவருக்காகச் செய்து கொடுத்த ரைபிள் 21 பவுண்டு எடையுள்ளது, 3 அவுன்ஸ் உருண்டைக் குண்டைச் சுடுவது. கரிமருந்தால் வேகத்தைக் கூட்ட முடியாதபோது ஈயத்தைக் கூட்டுவதே அக்காலத்தவருக்குத் தெரிந்த உபாயம். கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. தடித்த இடியாப்ப இழைகளைக் கத்தையாகக் கட்டியதுபோல் தோன்றும் அந்த மருந்தை உண்டாக்குவதற்காகவே நம் நீலகிரியில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஒரு பெருந்தொழிற்சாலை எழுந்தது. இன்றும் அவ்வூரின் பெயரோடு அந்தத் தொழிற்சாலையின் பெயர் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. 1898இல் லண்டன் ரிக்பி கம்பெனியார் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவை வெளியிட்டபோது, 480 கிரெயின் குண்டு வினாடிக்கு 2150 அடி வேகத்தில் பறந்தது. பேக்கர் சுமந்த இரும்பில் பாதி எடையுள்ள துப்பாக்கி அவருடையதைவிட ஆழமாகத் துளைத்தது.

துளைப்பதுதான் இங்கே முக்கியம். ஒரே பருமனுள்ள இரண்டு குண்டுகளில் நீண்டதும் கனத்ததுமானது எலும்பிலும் சதையிலும் நேராக வெகுதூரம் செல்லும். குட்டையானது சீக்கிரத்தில் வேகம் இழந்து திசை மாறிவிடும். தச்சன் மரத்தில் அறைகிற ஆணியின் நியாயம் இது. கரமோஜோ பெல் என்று புகழ்பெற்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் ரைபிளின் 173 கிரெயின் குண்டினாலேயே வீழ்த்தினார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். அந்தக் குண்டு மெலிந்தது. ஆயினும் தன் பருமனுக்கு மிக நீண்டது. யானையின் மண்டையோட்டில் மூளை இருக்குமிடத்தை அவர் சாஸ்திரம்போல் கற்றிருந்தார். அந்த எண்ணிக்கையை நினைக்கையில் எனக்குப் பெருமையைவிடத் துயரமே மிகுகிறது; எனினும் நீண்ட குண்டின் தத்துவத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பெல்லின் கையும் கண்ணும் வாய்க்காத சாமானியர்களுக்கோ, நீளத்தோடு பருமனும் எடையும் சேர்ந்திருந்தால்தான் பிழைக்க வழியுண்டு. புதரிலிருந்து பாய்ந்து வருகிற எருமை, மண்டையோட்டின் உட்கூறுகளை ஆராய அவகாசம் தருவதில்லை.

இங்கே இந்தியாவின் சம்பந்தம் ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனமில்லை. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்குரிய தோட்டாவோ குண்டோ கலகக்காரர்கள் கைக்குப் போய்ச் சேரலாகாது என்ற அச்சத்தினால், 1907ஆம் ஆண்டை ஒட்டி, .450 அளவுள்ள ரைபிள்களை இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. லண்டனிலிருந்த துப்பாக்கிக் கம்பெனிகள் சோர்ந்துவிடவில்லை. துவாரத்தை அங்குலத்தில் நூற்றின் ஓரிரு பங்கு அகட்டி .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதிய தோட்டாக்களை உண்டாக்கிவிட்டார்கள். நம் சமஸ்தான மாளிகைகளின் ஆயுத அறைகளில் .465 ஹாலந்து ரைபிள்கள் இடம் பெற்றதற்கும், பிற்காலத்தில் .470 உலகெங்கும் பிரசித்தி அடைந்ததற்கும் மூலகாரணம் அந்த ஒரு சர்க்கார் உத்தரவுதான். இந்தப் பெரிய தோட்டாக்கள் யாவும் நீண்டு பருத்த கூடுகளை உடையவை. வெயில் ஏற ஏறக் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும் என்பதை அறிந்திருந்தவர்கள், உஷ்ண தேசங்களில் துப்பாக்கி திறக்க முடியாமல் இறுகிவிடாதபடி, வேண்டியதற்கு அதிகமான இடத்தைக் கூட்டிலே விட்டுவைத்தார்கள். இடம் மிகுந்தால் அழுத்தம் தணிகிறது. இந்த முன்யோசனை பின்னால் மறக்கப்பட்டபோதுதான் நம் கதை ஆரம்பமாகிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஆங்கிலேயரின் இரட்டைக்குழல் ரைபிள்கள் விலை மிகுந்து அருகிப் போயின. அவற்றுக்குத் தோட்டா செய்துவந்த கைனாக் கம்பெனியும் 1960களில் அந்த வகைகளைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன்னதாக, 1956இல், அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியார் .458 வின்செஸ்டர் மாக்னத்தை வெளியிட்டார்கள். .470இன் பலத்தை, சாதாரண விலைக்குக் கிடைக்கும் ஒற்றைக்குழல் போல்ட் ரைபிளில் அடக்கித் தருவது அவர்களுடைய உத்தேசம். 1912இல் பிறந்த .375 ஹாலந்து தோட்டாவின் 2.85 அங்குலக் கூட்டை எடுத்து, நடுத்தர நீளமுள்ள ரைபிள்களிலும் அது புழங்க வேண்டும் என்பதற்காக 2.5 அங்குலத்துக்குக் குறுக்கிவிட்டார்கள். 500 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2150 அடி வேகம் என்று விளம்பரம் வந்தது. யானைகளைக் குறைக்கும் பணியிலிருந்த வனத்துறைக் காவலர்கள் முதற்கொண்டு ஆப்பிரிக்கா முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது.

குறுக்கிய இடம் தன் பழியை வாங்காமல் விடவில்லை. நீண்ட குண்டு கூட்டினுள் ஆழ இறங்கி உட்கார்ந்துவிட, எஞ்சிய சிறு இடத்தில் வேண்டிய மருந்தை அடைப்பதற்கு, அதை அழுத்தித் திணிக்க வேண்டியதாயிற்று. இறுகத் திணித்த மருந்து உஷ்ண நாட்டில் மாதக்கணக்காக இருக்க இருக்கக் கட்டிபட்டு, ஈரம் பட்ட சர்க்கரைபோல் உறைந்தது. சில தோட்டாக்கள் நன்றாக வெடித்தன, சில அரைகுறையாகப் பற்றின. சோதனைச்சாலையின் நீண்ட குழலில் காட்டிய 2150 அடி, வேட்டைக்காரர்களின் குட்டைக் குழல்களில் 2000 அடிக்கும் கீழே இறங்கியது என்பதை வேகமானிகள் பிற்பாடு அம்பலப்படுத்தின. நூற்றைம்பது அடி குறைந்தால் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். குண்டின் வலிமையோ வேகத்தின் வர்க்கத்தை அனுசரித்தது. ஆகவே வேகத்தில் காணும் சிறு குறை வலிமையில் பெருங்குறையாகத் தெரியும். அதனினும் கொடியது, கையிலிருக்கும் தோட்டா எந்த ரகம் என்று சுடும்வரை தெரியாமலிருப்பதுதான். பலவீனமான ரைபிளை வைத்திருப்பவன் தூரத்தையும் இலக்கையும் பார்த்து அடங்கி நடப்பான். நம்பத்தகாத ரைபிளை வைத்திருப்பவனோ தான் நினைத்த பலம் இருக்கிறதென்றே முன்னேறுவான். அவன் செய்த பிழையை முதலில் அனுபவிப்பது, கொல்லப்படாமல் காயம்பட்டுப் புதருக்குள் ஒதுங்கி அணு அணுவாகச் சாகிற மிருகம். வேட்டையை நான் விரும்புகிறவனல்லன். ஆயினும் அந்த வேதனையை நினைக்கும்போது, தோட்டா செய்பவனுடைய கணக்கில் நேரும் கவனக்குறைவு சிறிய பாவமாக எனக்குப் படவில்லை.

ஜாக் லாட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1959இல் மொசாம்பிக் நாட்டில் இதைத் தம் உடம்பிலேயே அனுபவித்தார். .458 ரைபிளால் அவர் சுட்ட எருமை விழாமல் திரும்பி வந்து அவரையே தாக்கிப் படுகாயப்படுத்தியது. பிழைத்தெழுந்தவர், இதைவிட மேலான தோட்டா வேண்டும் என்ற நினைவை விடாமல் வைத்திருந்து, 1971இல் தம்முடைய தீர்வை உருவாக்கினார். தீர்வோ மிக எளியது: .375இன் கூட்டை 2.5 அங்குலத்துக்கு வெட்டாமல் 2.8 அங்குலத்தில் நிறுத்துவது. மருந்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. திணிக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. அதே 500 கிரெயின் குண்டு வினாடிக்கு 2300 அடி வேகத்தைச் சிரமமில்லாமல் எட்டியது. 1950 அடியில் தள்ளாடிய பழைய தோட்டாவோடு ஒப்பிட்டால், வலிமை நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பங்கு அதிகம்.

இனி கொல்லரின் பட்டறைக்கு வருவோம். இந்தத் திருத்தம் எத்தனையோ பேருக்குச் சாத்தியமானதற்குக் காரணம், இரு தோட்டாக்களின் வடிவமும் ஒரே சாய்வில் அமைந்திருப்பதுதான். பழைய அறையின் சுவரில் எங்கும் அகலப்படுத்த வேண்டுவதில்லை, முன்பக்கத்தில் 0.3 அங்குலம் ஆழப்படுத்தினால் போதும். ரீமர் எனப்படும் துருவுகருவி, புதிய அறையின் வடிவத்தைத் தன் பற்களில் ஏந்தியிருப்பது. அதைக் குழலின் மையத்தோடு கடுகளவும் பிசகாமல் நிறுத்தி, எண்ணெய் விட்டு, சிறிது சுழற்றி, வெளியே எடுத்துத் துகளைத் துடைத்து, மீண்டும் செலுத்தி, அடிக்கடி அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்குவார்கள். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதனால் இது பொறுமையையே மூலதனமாகக் கொண்ட வேலை. கூட்டின் அடியிலுள்ள பித்தளைப் பட்டை இங்கே பேருதவி செய்கிறது: தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நிர்ணயிப்பது அந்தப் பட்டையே ஆகையால், அறையின் முன்பாகம் நீண்டாலும் தோட்டா நிற்குமிடம் மாறுவதில்லை. அதன் பயனாக, திருத்திய ரைபிளில் பழைய குட்டைத் தோட்டாவையும் அபாயமின்றிச் சுடலாம். நகரத்துக்கு வெகுதொலைவில், புதிய தோட்டா தீர்ந்துபோன வேட்டைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டு காரியத்தை நடத்தலாம்.

அறை திருந்திவிட்டால் ரைபிள் திருந்திவிட்டது என்று எண்ணுவது பெரும் தவறு. பழைய தோட்டாவின் மொத்த நீளம் 3.34 அங்குலம், புதியதன் நீளம் 3.6 அங்குலம். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் பெட்டி அதற்கு இடம் கொடுக்க வேண்டும்; அங்கிருந்து அறைக்கு ஏறும் சரிவு ஒழுங்காயிருக்க வேண்டும்; போல்ட் முழுத் தூரம் பின்னால் வந்து நீண்ட தோட்டாவைப் பிடித்துத் தள்ள வேண்டும். குறுகிய தோட்டாவுக்கென்றே செய்த ரைபிள்கள் சிலவற்றில் இது நடவாத காரியம். அடுத்தது உதை. பலம் கூடினால் பின்னுதைப்பும் கூடும். அது சுடுபவரின் தோளோடு நிற்காமல் மரக்கட்டையையும் பிளக்கும். ஆகவே நல்ல கொல்லர் குழலின் அடியில் இரண்டாவது தாங்குகட்டி ஒன்றைப் பொருத்தி, கட்டைக்குக் குறுக்கே எஃகுத் திருகாணிகளை ஊடுருவவிட்டே வேலையை முடிப்பார்.

இரட்டைக்குழல் ரைபிளாயின் சிரமம் வேறு விதமானது. அதில் இரண்டு குழல்களையும், குறிப்பிட்ட ஒரே எடையும் ஒரே வேகமும் உள்ள குண்டுகள் ஒரு தூரத்தில் ஒன்றுகூடுமாறு, சுட்டுச் சுட்டுப் பார்த்து, ஆப்பு வைத்து, பற்றவைத்திருப்பார்கள். கனத்த குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்குவதால், உதையினால் துப்பாக்கி திரும்பும் கோணமும் அதிகமாகி, இடக்குழல் இடப்புறமும் வலக்குழல் வலப்புறமுமாகக் குறி விலகிப் போகும். அந்த ரைபிள்களை ஆதியில் அமைத்த குண்டோடேயே விட்டுவிடுவதுதான் மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராய் வெதர்பி என்பவர் 1940களின் பிற்பகுதி முதல் தம் ரைபிள்களின் தொண்டையை வேண்டுமென்றே நீளமாக விட்டார். குண்டு மேடுகளைச் சந்திக்குமுன் சிறிது தூரம் தடையின்றி ஓடுவதனால் அழுத்தத்தின் உச்சம் தணியும். தணிந்த அளவுக்கு மருந்தைக் கூட்டலாம். நீண்ட குண்டையும் வெளியே தள்ளி வைக்கலாம். கூட்டில் இடம் மிஞ்சும். ஆனால் இலேசான குட்டைக் குண்டுகளோ அந்த நீண்ட தொண்டையில் பிடிப்பில்லாமல் ஓடிச் சாய்ந்து மேடுகளில் ஏறக்கூடும், குறி கெடும். கனத்த குண்டுக்கு அனுகூலமானது இலேசான குண்டுக்குப் பிரதிகூலமாகலாம் என்பதை உத்தேசித்தே கொல்லர் கையை வைக்க வேண்டும். நீண்ட குண்டுக்குச் சுழற்சியும் அதிகம் வேண்டும். வுல்விச்சில் கணிதப் பேராசிரியராயிருந்த கிரீன்ஹில் 1879இல் இதற்கொரு சூத்திரம் வகுத்தார். அதன்படி, 14 அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் .458 குழல்களுக்கு 500 கிரெயின் என்ன, அதற்கு மேற்பட்ட குண்டுகளுக்கும் முறுக்கு போதுமானது. இக்காலத்தில் ஈயத்தை விட்டு முழுச்செம்பினால் குண்டு கடையும் வழக்கம் பரவிவருகிறது. செம்பு ஈயத்தைவிட இலேசான உலோகமாகையால், அதே எடைக்கு அந்தக் குண்டு இன்னும் நீண்டுவிடுகிறது. இடம் போதாமை என்ற பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது.

இதே கலை எதிர்த்திசையிலும் பிரயோகமானதுண்டு. அமெரிக்க ராணுவம் 1903இல் 220 கிரெயின் மொட்டைமுனைக் குண்டுக்கென்று செய்த ரைபிள்களை, 1906இல் 150 கிரெயின் கூர்முனைக் குண்டு வந்ததும் குழலைச் சற்றுக் குறுக்கி, அறையைப் புதிதாகக் கடைந்து மாற்றிக்கொண்டது. ஜெர்மானியரோ 1905இல் கனத்த குண்டை விட்டு இலேசான ஆனால் சற்றே பருத்த குண்டுக்கு மாறியபோது, 1888ஆம் வருஷத்து ரைபிள்களின் அறைக் கழுத்தை அகட்டி, மாற்றியதற்கு அடையாளமாக அறையின் மேற்புறத்தில் எஸ் என்ற ஓரெழுத்தைப் பொறித்துவைத்தார்கள். அந்த எழுத்து இல்லாத துப்பாக்கியில் புதிய தோட்டாவைப் போடுவது, சாவைக் கூப்பிடுவது.

இங்கிலாந்தில் இவ்விஷயத்தில் உள்ள ஒழுங்கு பாராட்டத்தக்கது. அறையை நீட்டிய துப்பாக்கியை, லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, வழக்கத்துக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள தோட்டாவை அதில் வெடித்துப் பார்த்து, தாங்கினால் புதிய முத்திரை இட்ட பிறகே விற்கலாம். பழைய முத்திரை செல்லாது. நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், அனுமதி பெறாத எவரும் துப்பாக்கியை மாற்றியமைப்பதையும் செப்பனிடுவதையும் சோதிப்பதையும் தடுக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், அந்த ரைபிள்கள் நோக்கிய மிருகங்களும் நம் காடுகளில் சட்டத்தின் நிழலில் வாழ்கின்றன. ஆப்பிரிக்காவில் வேட்டையாளருக்கு வழிகாட்டிச் செல்பவர்களும், காட்டுக் காவலர்களும் இன்றைக்கும் பெருந்துவார ரைபிளைத் தோளில் சுமந்தே நடக்கிறார்கள். லாட் கண்ட தோட்டா முப்பது வருஷ காலம் பெரும்பாலும் தனிப்பட்ட கொல்லர்களின் பட்டறைகளை நம்பி வாழ்ந்து, 2002ஆம் ஆண்டையொட்டி ஹார்னடி கம்பெனியார் பெட்டியில் அடைத்து விற்கவும், ரூகர் கம்பெனியார் அதற்கென்றே அறை கடைந்த ரைபிள்களைச் செய்யவும் தொடங்கியபின் கடைச்சரக்காயிற்று. அதற்குமுன் கையால் திருத்திய பழைய ரைபிள்களில், குழலின்மேல் முதலில் பொறித்திருந்த .458 என்ற எண்ணை அழிக்காமல், வின்செஸ்டர் என்ற பெயரிருந்த இடத்தில் லாட் என்ற பெயரைக் கொல்லர் தம் உளியால் கொத்தியிருப்பார்.